நுசுப்பும் தசையும்

பெண்ணின் இடைக்குத் தமிழ்ப் புலவர் இட்ட பெயர்கள் பல. இடை என்றனர், மருங்குல் என்றனர், நுசுப்பு என்றனர். பெயர்கள் பலவாயினும் அவர்கள் புகழ்ந்த முறை ஒன்றே. இல்லாமையைப் புகழ்ந்தனர். மின்னல் என்பர், கொடி என்பர், நூல் என்பர். நூலும் பருமையாகத் தோன்றியவிடத்து, அஃது உண்டோ இல்லையோ என ஐயுற்று நிற்பர். அவ்விடத்தில் தசை என ஒன்று இருந்து தொழில் புரிகின்றது என்ற எண்ணத்துக்கு அம்மரபில் இடமிருந்ததாகத் தெரியவில்லை.

இன்றைய இளம் பெண்களோ இல்லாத இடையை விரும்புகின்றாரல்லர். அவ்விடத்தில் ஏதோ ஒன்று இருப்பதைக் காட்ட விரும்புகின்றனர். கைத்தொலைபேசியில் வரும் படங்களில் ஓட்டக்காரிகளும் நடிகைகளும் வயிற்றில் வரிவரியாகத் தசை தெரிய நிற்பதை எம் மாணவியரும் பார்க்கின்றனர். 'சிக்ஸ் பக்' என்பது அவர்கள் வழங்கும் சொல். அதனை 'ஆறு கட்டு' என மொழிபெயர்த்தால் சந்தையில் வெற்றிலை விலை கேட்பது போல் ஒலிக்கின்றது. ஆதலின் இங்கே வயிற்றுத்தசை என்றே எழுதுகின்றேன்.

பெண்ணுக்குத் தசை எதற்கு என முகஞ் சுளிக்கும் பெரியோர் உளர். அவர்கள் தம் பாட்டியரை நினைத்துப் பார்த்தல் நன்று. நெல்லுக் குத்தும்போது உலக்கையை மேலே உயர்த்துவது கை. அதனைக் கீழே செலுத்தும்போது கையோடு சேர்ந்து இறுகுவது வயிறு. கிணற்றில் துலாக்கொடியை இழுத்து நீர் மொண்டபோதும், ஆட்டுக்கல்லின் முன் குந்தியிருந்து உழுந்து அரைத்தபோதும், நீர்க்குடத்தை இடுப்பில் ஏந்தி வளவைக் கடந்தபோதும் நடுவுடலைத் தாங்கி நின்றது வயிற்றுத்தசையே. உலக்கைப் பாட்டை வள்ளைப்பாட்டு எனத் தனியொரு வகையாக்கிப் போற்றிய மரபு, அந்த உலக்கைக்கு வலுக்கொடுத்த வயிற்றை மட்டும் 'ஒடியும், ஒடியும்' என்றே பாடிற்று. பாட்டைக் கேட்ட காது வேறு, பெண்ணைப் பார்த்த கண் வேறு போலும்.

இனி அத்தசையின் அமைப்பை நோக்குவோம். மார்பெலும்பின் அடியிலிருந்தும் விலாவெலும்பின் முனைகளிலிருந்தும் இறங்கி, இடுப்பெலும்பின் முன்புறம் வரை நேர்க்கீழாக ஓடும் தசைப்பட்டிகள் இரண்டு. இரண்டுக்கும் நடுவே வெண்ணிறமான நாரிழையம் ஒன்று மேலிருந்து கீழாகச் செல்கின்றது. அதனை வெண்கோடு என்பர். பட்டிகளைக் குறுக்கே பிணித்துச் சில நாண்கள் உள்ளன. பெரும்பாலாரிடம் அவை மூன்று. கொப்பூழின் மட்டத்தில் ஒன்றும் அதற்கு மேலே இரண்டுமாக இருக்கும். நெடுங்கோடும் குறுக்கு நாண்களும் சேர்ந்து தசையைக் கட்டங் கட்டமாகப் பிரித்துக் காட்டுகின்றன. சிலருக்கு நான்கு கட்டம், சிலருக்கு ஆறு, அரிதாகச் சிலருக்கு எட்டு. சிலருக்கு இடக்கட்டமும் வலக்கட்டமும் நேர்க்கு நேர் அமைவதில்லை. இவை பிறப்பிலேயே அமைவன. எத்துணைத் தேகாப்பியாசம் செய்யினும் நான்கு ஆறாகாது. பிறருடைய படத்தைப் பார்த்துத் தன் வயிற்றை நோகுவதில் பயனில்லை என்பதற்கு இஃது ஒன்றே போதும்.

வடமொழிக் காவிய மரபு பேசும் திரிவலி, அதாவது வயிற்றின் மூன்று மடிப்பு, இந்த மூன்று நாண்களே என யாரேனும் பொருத்திக் காட்ட முற்படலாம். எண்ணிக்கை ஒத்திருப்பதால் ஆசை எழுவது இயல்பே. ஆனால் அது பொருந்தாது. திரிவலி தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் மடிவதால் உண்டாவது. நாண் தசையிலே உள்ளது. ஒன்று தெளிவாகத் தெரிந்தால் மற்றையது பெரும்பாலும் மறைந்தே இருக்கும். அழகெனக் கொள்ளப்படுவது காலந்தோறும் இடம் மாறியதற்கு இதுவும் ஒரு சான்று.

நேர்த்தசைப் பட்டிகளின் இருமருங்கும் சாய்வாக ஓடும் தசைகள் இரண்டு அடுக்காக உள்ளன. அவற்றுக்கும் உள்ளே, கச்சை கட்டியது போல வயிற்றைக் குறுக்காகச் சுற்றி நிற்கும் தசை ஒன்றுண்டு. முதுகெலும்பைக் காப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. எனினும் அஃது ஒருபோதும் வெளியே தெரிவதில்லை. தெரிகின்ற தசையை மட்டும் வளர்க்க விரும்புவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

தசை எல்லாப் பெண்களிடமும் இருக்க, வெளியே தெரிவது மட்டும் சிலரிடத்தென்பது ஏன்? தசைக்கும் தோலுக்கும் இடையே கொழுப்பு என்னும் போர்வை இருப்பதால். பெண்ணுடலில் அப்போர்வை தடிப்பாக அமைந்தது இயற்கையின் பிழையன்று. உயிர்த்தொழில் நடைபெறுதற்கு ஆணுக்கு உடலெடையில் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு கொழுப்புப் போதும். பெண்ணுக்கோ 10 முதல் 13 பங்கு இன்றியமையாதது. கருவைச் சுமத்தற்கும் பாலூட்டுதற்கும் வேண்டிய வைப்பு அது. பெண்ணின் வயிற்றுத்தசை பெரும்பாலும் 20 பங்குக்குக் கீழே இறங்கிய பின்னரே தெளிவாகத் தோன்றும். கொழுப்பு உடலில் எங்கெங்கே சேர்கின்றதென்பதைப் பொறுத்துச் சிலருக்குச் சற்று முன்னர், சிலருக்குச் சற்றுப் பின்னர்.

வயிற்றை வருத்தினால் வயிற்றுக் கொழுப்புக் கரையும் என்பது பரவலான நம்பிக்கை. மல்லாந்து படுத்து நூறு முறை எழுந்தெழுந்து மூச்சு வாங்குவோர் பலர். 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ரெனிஸ் ஆட்டக்காரரின் இரு கைகளையும் அளந்து ஒப்பிட்டது. பந்தடிக்கும் கை பருத்திருந்தது. ஆனால் தோலின் கீழுள்ள கொழுப்பின் தடிப்பில் இரு கைகளுக்கும் வேற்றுமை காணப்படவில்லை. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், 24 பேரில் ஒரு பகுதியினர் ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், வயிற்றுக்குரிய பயிற்சிகள் ஏழினைச் செய்தனர். அவர்தம் வயிற்றுத்தசையின் தாங்குசக்தி கூடிற்று. வயிற்றுக் கொழுப்புக் குறையவில்லை. உடல் தன் கொழுப்பைத் தன் ஒழுங்கின்படியே செலவிடும். நாம் சுட்டிக்காட்டும் இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்காது.

ஆகவே, போர்வையை மெலிவிப்பது அடுக்களையின் தொழில். தசையைத் தடிப்பாக்குவது பயிற்சியின் தொழில்.

அடுக்களையில் முதலிற் பார்க்கவேண்டியது பிட்டையும் சோற்றையும் அன்று, தேநீர்க் கோப்பையை என்பது என் துணிபு. நாளொன்றுக்கு நான்கு முறை, முறைக்கு இரண்டு கரண்டி சீனி எனக் கொண்டால் 40 கிராம் சீனி. அதாவது 160 கலோரி. ஒரு நாளின் செலவுக்குச் சற்றுக் குறைவாக, 300 முதல் 500 கலோரி குறைத்து உண்டால், வாரத்துக்கு அரைக் கிலோகிராம் வரை மெலியலாம். அந்த 300இல் ஏறத்தாழப் பாதி சீனியோடு போய்விடுகின்றது. அதனினும் விரைவாக மெலிய முயன்றால் கொழுப்போடு தசையும் கரையும். தசையைக் காட்டவேண்டித் தசையையே இழப்பது எவ்வகை வணிகம்?

தசைக்கு வேண்டியது புரதம். பயிற்சி செய்யும் பெண்ணுக்கு உடலெடையில் ஒரு கிலோகிராமுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை நாள்தோறும் தேவை. 55 கிலோகிராம் எடையுள்ளவளுக்கு 66 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். எம்மவர் உணவில் குறை இங்கேதான். காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும், பகலில் மலைபோற் சோறும் அதன் ஓரத்தில் ஒரு துண்டு மீனும், இரவில் மீண்டும் மாப்பொருள். இதற்காகக் கடையில் விற்கும் விலையுயர்ந்த மாவை நாடவேண்டியதில்லை. முட்டை இரண்டில் 12 கிராம். மீன் 100 கிராமில் 20 கிராம். அவித்த பயறு ஒரு கோப்பையில் 14 கிராம். தயிரும் நெத்தலிக் கருவாடும் மிகுதியை நிரப்பும். தவிடு நீங்காத அரிசியும் குரக்கனும் கீரையும் வயிற்றை நெடுநேரம் நிறைவாக வைத்திருக்கும். சோற்றை ஒழிக்கவேண்டா, கறியின் அளவுக்கு அதனை இறக்கினாற் போதும்.

பயிற்சியைப் பற்றிப் பேசும்போது அபி ஸ்டொக்டன் என்ற பெண்மணியை நினைவுகூராமல் இருக்க இயலாது. 1917இல் பிறந்த அவர் கலிபோர்னியாவிலே தொலைபேசி இணைப்பாளராகத் தொழில் செய்தவர். நாள் முழுதும் அமர்ந்திருந்ததால் உடல் பருக்கவே, பின்னர் அவர் கணவரான இளைஞர் கைப்பளுக்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பளுத்தூக்கினாற் பெண் ஆணுருக் கொள்வாள், மலடியாவாள் என்றெல்லாம் மக்கள் நம்பியிருந்த காலம் அது. அவரோ சாந்தா மொனிக்காக் கடற்கரையில் கூட்டத்தின் முன்னே ஆடவரைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். 1944 முதல் ஒரு சஞ்சிகையில் பெண்களுக்கென்றே பளுப்பயிற்சிப் பத்தி எழுதினார். 1947இல் பெண்களுக்கான பளுதூக்கற் போட்டி ஒன்று நடைபெற உழைத்தார். ஒரு மகளையும் பெற்றார். 88 வயது வரை வாழ்ந்து 2006இல் மறைந்தார். பெண்ணுடலில் தசையைப் பெருக்கும் ஓமோன் ஆணுடலில் உள்ளதிலும் பன்மடங்கு குறைவு. ஆதலின் பருத்துவிடுவோம் என்னும் அச்சத்துக்கு இடமில்லை.

அவருடைய வழியில் நாம் கொள்ளத்தக்கது, வயிற்றை மட்டும் தனித்து வருத்தாமல் உடல் முழுதையும் பளுவோடு பழக்குதல். குந்தியெழுதலும், நிலத்திலுள்ள பாரத்தை முதுகு வளையாமல் தூக்குதலும் வயிற்றையும் உடன் இறுக்குவன. அவற்றோடு, முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்தும் நிலை, அதனையே பக்கவாட்டிற் செய்யும் நிலை, யோக நூலார் கூறும் நாவாசனம் ஆகியவை போதும். வாரத்தில் மூன்று நாள். ஏனைய நாள்களில் வேகநடை. தசை பயிற்சியின்போது வளர்வதன்று, பின்னர் உறங்கும்போது வளர்வது; நள்ளிரவு வரை கைத்தொலைபேசியோடு விழித்திருப்போர் இதனைக் கருதுவாராக.

இதுவரை சொன்னவை அனைத்தினும் இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு. தாய்மார் செவிகொடுக்க வேண்டும்.

காலையுணவை விட்டு, பகலுணவைத் தோழிக்குக் கொடுத்து, மாலையில் ஓடப்போகும் பெண்பிள்ளைகள் இப்போது எங்கும் உளர். வீட்டார் அதனைப் பரீட்சைக் கவலை என்று எண்ணிக்கொள்கின்றனர். அப்பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றுவிட்டால், 'தொல்லை விட்டது' என்று அவள் மகிழவும் கூடும். உண்மையில் அது, உடல் தன் செலவைச் சுருக்கத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம். உணவு போதாதபோது மூளை முதலில் நிறுத்துவது மகப்பேற்றுக்குரிய ஓமோன்களை. அவற்றுள் ஈஸ்திரோஜன் குறைந்தால் எலும்பு தன் செறிவை இழக்கும். எலும்பு தன் முழுச் செறிவையும் அடைவது இருபதுகளின் வயதுக்குள்ளேயே. அக்காலத்தில் இழந்ததைப் பின்னர் முழுதும் மீட்பதரிது. இருபது வயதுக்காரியின் எலும்பு அறுபது வயதுக்காரியின் எலும்புபோல் முறிந்த செய்திகளைக் கண்டே, விளையாட்டு மருத்துவர் 1990களில் இதனை ஒரு தனி நோய்த்தொகுதியாக வகுத்தனர். 2014இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு இதற்கு விரிந்த இலக்கணம் வகுத்து, ஆடவருக்கும் இது நேரலாம் என்றது.

எல்லை எங்கே உள்ளது? 2003இல் வெளியான ஆய்வொன்று அதற்கு ஓர் அளவு தந்தது. பயிற்சிக்குச் செலவானது போக, கொழுப்பு நீங்கலான உடலெடையில் ஒரு கிலோகிராமுக்கு 30 கலோரிக்குக் கீழே உணவு இறங்கியபோது, ஐந்தே நாள்களில் ஓமோன்களின் ஒழுங்கு குலையத் தொடங்கிற்று. 50 கிலோகிராம் எடையுள்ள பெண்ணின் உடலில் நூற்றுக்கு 25 பங்கு கொழுப்பெனின், மிகுதி 37.5 கிலோகிராம், அதற்கு 1,125 கலோரி. அவள் ஓட்டத்தில் 300 கலோரி செலவிட்டால், 1,425இற்குக் கீழே உண்பது ஆபத்தான பள்ளத்தில் இறங்குவதாகும். இது நலமாக வாழ்தற்குரிய அளவன்று, தாழ்வின் விளிம்பு என்பதை மறத்தலாகாது. வயிற்றில் கட்டந் தெரிகின்றதா என்று கண்ணாடியைப் பார்ப்பவள், மாதந்தோறும் நாட்காட்டியையும் பார்க்கவேண்டும். மூன்று மாதம் தவறினால் பயிற்சியைக் குறைத்து, உணவைக் கூட்டி, வைத்தியரிடம் செல்லவேண்டும்.

சிலருடைய உடல் 18 பங்குக் கொழுப்போடும் ஒழுங்கு தவறாமல் இயங்கும். வேறு சிலருக்கு 22இலேயே தடுமாறும். முன்னையவள் தசையைக் காட்டிக்கொண்டு நடக்கட்டும். அதில் இழுக்கு யாதுமில்லை. பின்னையவள் வலிய தசையை உள்ளே வைத்துக்கொண்டு, ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக் காட்டட்டும். இடுப்புச் சுற்றளவு 80 சதமமீற்றருக்குக் கீழே இருக்கவேண்டும் என்பதே ஆசிய நாட்டுப் பெண்களுக்கு வைத்தியர் வற்புறுத்தும் அளவு. குடலைச் சூழ்ந்து உள்ளே சேரும் கொழுப்பே நீரிழிவுக்கும் இருதயநோய்க்கும் வழிவகுப்பது. எம் நாட்டார் மெலிந்து தோன்றினும் அது உள்ளே மிகுந்திருப்பதுண்டு.

பிள்ளை பெற்றவர்க்குத் தனியாக ஒரு சொல். கருப்பை வளரும்போது வெண்கோடு அகன்று, தசைப்பட்டிகள் இரண்டும் விலகுகின்றன. பேற்றின் பின்னர் பெரும்பாலாருக்கு அவை தாமே நெருங்கி வரும். சிலருக்கு இரண்டு விரலினும் மிகுந்த இடைவெளி நின்றுவிடும். சீலையால் வயிற்றைக் கட்டும் வழக்கம் தாங்கலாக உதவுமேயன்றித் தசையை வலுப்படுத்தாது. மல்லாந்து படுத்துத் தலையைச் சற்றே உயர்த்தும்போது வயிற்றின் நடுவே கூம்பு போல் மேடு எழுமாயின், எழுந்தெழுந்து படுக்கும் பயிற்சிகளை அப்போதைக்கு விட்டுவிடுதல் வேண்டும். மூச்சை மெல்ல வெளியே விட்டுக்கொண்டே கொப்பூழை முதுகை நோக்கி உள்ளிழுத்து, இடுப்பின் அடித்தளத் தசையையும் இறுக்கித் தளர்த்துவதே முதற் பயிற்சி. மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது அவ்விடைவெளியை விரலால் அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். சத்திரசிகிச்சையாற் பிள்ளை பெற்றவராயின், வைத்தியர் சம்மதித்த பின்னரே தொடங்கவேண்டும்.