ஆறாத புண்ணுக்குக் கரண்ட் வைக்கலாமா?

முழங்கால் வலிக்கும் தோள்பட்டை வலிக்கும் "கரண்ட் வைப்பது" தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பழகிப்போன சிகிச்சை. மாதக்கணக்கில் ஆறாத புண்ணையும் மின்சாரத்தால் ஆற்ற முடியும் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். நல்ல செய்திதான். ஆனால் அது யாருக்கு, எப்போது, எவற்றையெல்லாம் செய்து முடித்த பிறகு என்று தெரியாமல் அதையே நம்பி இருந்தால், காலையே இழக்க நேரிடும்.

எது ஆறாத புண்?

சாதாரணக் காயம் இரண்டு மூன்று வாரங்களில் மூடிவிடும். ஒரு மாதமாகியும் சுருங்காத புண்ணை ஆறாத புண் என்றே கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகளின் பாதப்புண், நரம்புச் சுருட்டலால் கணுக்காலுக்கு மேலே வரும் புண், ரத்தக்குழாய் அடைப்பால் விரல்களில் வரும் புண், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் படுக்கைப் புண் ஆகிய நான்கும்தான் அதிகம்.

கம்பம் பள்ளத்தாக்கில் வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் வேலை செய்பவர்கள் நாள் முழுக்க ஈரமண்ணில் நிற்கிறார்கள். மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவருக்கு முள் குத்தினாலும் தெரியாது. செருப்பு கடித்தாலும் தெரியாது. வலிக்காத புண்ணை யாரும் அவசரமாகப் பார்ப்பதில்லை. ஆபத்தே அங்குதான் தொடங்குகிறது.

உடம்பிலேயே ஓடும் மின்சாரம்

நம் தோலின் மேற்பரப்புக்கும் உட்புறத்துக்கும் இடையே சில பத்து மில்லிவோல்ட் மின்னழுத்தம் எப்போதும் இருக்கிறது. தோல் செல்கள் சோடியம் அயனிகளை ஓயாமல் உள்நோக்கித் தள்ளுவதால் உண்டாகும் அழுத்தம் அது. தோல் கிழிந்ததும், அந்த இடத்தை நோக்கி மெல்லிய மின்னோட்டம் பாய்கிறது. ஜெர்மானிய உடலியல் அறிஞர் எமில் து புவா ரேமோன் 1843-லேயே தன் விரலில் இருந்த காயத்தில் இதை அளந்து காட்டினார்.

அந்த மின்னோட்டம்தான் செல்களுக்கு வழிகாட்டி. காயத்தை மூட வேண்டிய தோல் செல்கள் மின்புலத்தின் திசையறிந்து புண்ணின் நடுவை நோக்கி நகர்கின்றன. இந்த நகர்வைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களை மின் சாவ் தலைமையிலான ஆய்வுக்குழு கண்டறிந்து 2006-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது.

இந்த மின்னோட்டம் பாய ஈரம் வேண்டும். காய்ந்து பொருக்குத் தட்டிய புண்ணில் அது தடைபடுகிறது. "காத்தாட விட்டால் தானாகக் காய்ந்து ஆறிவிடும்" என்ற எண்ணம் ஆறாத புண்ணுக்குப் பொருந்தாது. மஞ்சளையும் காபித்தூளையும் அப்பினால் புண் காய்வதோடு அழுக்கும் சேர்கிறது. புண் மிதமான ஈரத்தோடு, சுத்தமான கட்டுக்குள் இருக்க வேண்டும்.

சிகிச்சை எப்படி நடக்கும்?

புண்ணைச் சுத்தம் செய்து, உப்புநீரில் நனைத்த துணியை அதில் வைத்து, அதன்மேல் ஒரு மின்வாயைப் பொருத்துவார்கள். இன்னொன்று பக்கத்தில் நல்ல தோலின்மேல் இருக்கும். மிகக் குறுகிய துடிப்புகளாக மின்சாரம் செலுத்தப்படும். உணர்ச்சி உள்ளவர்களுக்கு லேசான கூச்சம் மட்டுமே தெரியும். வழக்கமாக ஒரு தடவைக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். வாரத்தில் ஐந்து நாளுக்குக் குறையாமல், பல வாரங்கள். செல்களின் நகர்வு, புதுச் சதை வளர்ச்சி, அந்த இடத்து ரத்த ஓட்டம் ஆகியவற்றைத் தூண்டுவதே இதன் நோக்கம். அதனால்தான் இதை மின்தூண்டல் என்கிறார்கள்.

ஆய்வுகள் சொல்வது

படுக்கைப் புண்ணுக்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது. 20 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, மின்தூண்டல் பெற்றவர்களுக்குப் படுக்கைப் புண் ஆறும் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2003 முதல் இதற்குப் பணம் தருகிறது. ஆனால் வழக்கமான சிகிச்சையை 30 நாள் முறையாகச் செய்தும் புண்ணில் முன்னேற்றம் இல்லை என்றால் மட்டுமே தரும்.

சர்க்கரை நோயாளிகளின் பாதப்புண்ணுக்கு நிலைமை வேறு. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு தன் 2019 வழிகாட்டுதலில், நல்ல அடிப்படைச் சிகிச்சையை விட்டுவிட்டு மின்சார முறைகளை நாட வேண்டாம் என்றே சொன்னது. சர்க்கரைப் புண்ணோடு வருபவரிடம் "கரண்ட் வைத்தாலே போதும்" என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

கரண்டுக்கு முன்னால் நான்கு வேலைகள்

முதலாவது, புண்ணின் மேல் பாரம் விழாமல் தடுப்பது. இந்தப் பாடத்தை உலகுக்குச் சொன்னதில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப்புண் ஆறாததற்கு நோய்க் கிருமியைவிட, வலி தெரியாமல் புண்ணின் மேலேயே நடப்பதுதான் காரணம் என்று கண்டார். காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தைப் பரப்பியதும் புண்கள் ஆறின. அதே மாவுக்கட்டு முறைதான் இன்று உலகெங்கும் சர்க்கரைப் பாதப்புண்ணுக்குப் பயன்படுகிறது. புண் ஆறியபின் போடும், மென்மையான ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பும் அந்த வழியில் வந்ததே. படுக்கையில் இருப்பவரைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும் இதே வேலைதான்.

இரண்டாவது, காலுக்கு ரத்தம் போகிறதா என்று டாப்ளர் கருவியால் பார்ப்பது. அடைப்பு இருந்தால் அதை நீக்காமல் எந்தக் கரண்டும் உதவாது. பீடி, சிகரெட்டை அன்றே நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, செத்த சதையை அகற்றிச் சீழைக் கட்டுப்படுத்துவது. நான்காவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, முட்டை, பருப்பு, பால் எனப் புரதம் குறையாமல் சாப்பிடுவது.

இந்த நான்கும் சரியாக நடந்தால், நான்கு வாரத்தில் சர்க்கரைப் பாதப்புண்ணின் பரப்பு பாதியாவது குறைய வேண்டும். குறையவில்லை என்றால் சிகிச்சையை மறுபடி ஆராய வேண்டும்.

யாருக்குக் கூடாது?

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், புண்ணில் புற்றுநோய் இருப்பவர்கள், எலும்பு வரை சீழ் பிடித்துச் சிகிச்சை பெறாதவர்கள், புண்ணில் ரத்தம் கசிபவர்கள் ஆகியோருக்கு இந்தச் சிகிச்சை கூடாது. வலிக்காக வீட்டில் வாங்கி வைத்திருக்கும் சிறு கருவியைப் புண்ணில் ஒட்டிப் பார்க்கவே கூடாது. உணர்ச்சியில்லாத காலில் சுட்டாலும் தெரியாது.

எங்கே போவது, என்ன கேட்பது?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சர்க்கரையையும் காலையும் சோதியுங்கள். தேவைப்பட்டால் உத்தமபாளையம், கம்பம், போடி அரசு மருத்துவமனைகள். அதற்கும் மேல் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள்.

மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: காலுக்கு ரத்த ஓட்டம் போதுமா? புண்ணின் மேல் பாரம் விழாமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்? நான்கு வாரத்தில் ஆறவில்லை என்றால் மின்தூண்டல் எனக்குப் பொருந்துமா?

கால் கறுத்தாலோ, வீங்கிச் சிவந்தாலோ, புண்ணில் நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நேரமில்லை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.