பெயர் சொல்லாமற் போனவள்

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகேறுவோர் நாகபூஷணி அம்பாளையோ நாகவிகாரையையோ நினைந்தே செல்வர். ஆனி மாதத் திருவிழாக் காலத்தில் அப்படகுகளில் நிற்கவும் இடமிராது. நாமோ அந்தச் சிறு பயணத்தில் வேறொருத்தியையும் நினைத்துக்கொள்வதுண்டு. அவள் பெயர் பீலிவளை.

மணிமேகலைக் காப்பியத்தைக் கற்ற மாணவர்கள் உதயகுமரனின் காதலை அறிவர். அவன் தந்தையாகிய சோழ மன்னன் நெடுமுடிக்கிள்ளிக்கும் ஒரு காதல் இருந்ததை மறந்துவிடுவர். புகார் நகரத்துக் கடற்கரைச் சோலையிலே தனித்து நின்ற ஒரு மங்கையைக் கண்டான் அம்மன்னன், கண்டதும் மயங்கினான். ஒரு திங்கள் இருவரும் கூடி வாழ்ந்தனர். அந்த ஒரு திங்களிலும் தான் இன்னாளென்று அவள் சொல்லவேயில்லை. பின்னொரு நாள் சொல்லாமலே மறைந்தும் போனாள்.

மன்னன் தேடாத இடமில்லை. வானில் இயங்கும் சாரணர் ஒருவர் வந்தபோது அவரையும் வினவினான். அவள் நாகநாட்டு அரசன் வளைவணனின் மகள் என்பதும், கதிரவன் குலத்தான் ஒருவனால் அவள் கருவுறுவாள் என்று கணிகள் முன்னரே கூறியிருந்தனர் என்பதும் அப்போதுதான் தெரிந்தன. இனி அவள் வாராள், அவள் மகனே வருவான் என்றார் சாரணர். காதலியின் பெயரையே பிறர் சொல்லக் கேட்டறிந்த காதலன் இவனைப்போல் வேறொருவன் உண்டோ, நாமறியோம்.

மணிபல்லவம் புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் உள்ளதென்கிறது காப்பியம். அது நயினாதீவே என்பது நம்மவரிடையே நிலைத்த கருத்து. மாறுபடும் அறிஞரும் உளர். தேசப்படத்தை விரித்துப் பார்த்தால், பூம்புகாருக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, 170 கிலோமீற்றர் அளவில் நயினாதீவு கிடக்கிறது.

அம்மணிபல்லவத்துப் புத்த பீடிகையை வணங்கப் பீலிவளை கைக்குழந்தையோடு வந்தாள். அவ்வேளை கம்பளச் செட்டி என்னும் வணிகனின் மரக்கலம் கரையை அடைந்தது. மகனை அவனிடம் ஒப்புவித்து, தந்தையிடம் சேர்க்குமாறு வேண்டினாள். அன்றிரவே அக்கலம் உடைந்தது. பிழைத்தவர் சொல்லக் கேட்ட மன்னன் மகனைத் தேடி அலைந்தான். இந்திர விழாவை மறந்தான். அதனால் புகாரைக் கடல் கொண்டது என்று கதை முடிகிறது.

மன்னனின் துயருக்கு ஒரு மாநகரமே விலையாயிற்று. மகனைக் கலத்தில் ஏற்றிவிட்டுக் கரையில் நின்றவளின் துயரமோ? அந்த ஒரு திங்களை அவள் எப்படி நினைத்திருப்பாள்? சாத்தனார் அதனைப் பாடவில்லை. தத்துவங்களை அத்தனை விரிவாகப் பாடிய புலவர் இவளுக்குச் சில அடிகளேனும் ஒதுக்கியிருக்கலாகாதா என்று நமக்கு ஒரு மனக்குறை உண்டு.

பெரும்பாணாற்றுப்படைக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் இதனையொத்த வேறொரு கதை கூறுவர். சோழனொருவன் பிலத்தின் வழியே நாகலோகம் சென்று நாககன்னியைக் கூடினான். அங்கே பெண் வாய் திறக்கிறாள்: பெறும் பிள்ளையை என்ன செய்வது என்று கேட்கிறாள். தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுக, கரையேறினால் அரசு தருவேன் என்கிறான் அவன். தானும் வருவதாகவோ, அவளை அழைத்துச் செல்வதாகவோ ஒரு சொல் இல்லை. அவளும் வேறொன்றும் கேளாமல், கொடியைக் கட்டிப் பிள்ளையைத் திரையில் விடுகிறாள்.