பாட்டு ஓடினா கணக்கு ஓடுமா?

எனக்கு ஊர் பெரம்பலூர், அக்காவைக் கட்டிக்கொடுத்தது அரியலூர்ல. அக்கா பையனுக்கு ஏடிஹெச்டி. பாட்டு போட்டாத்தான் கணக்கு போடுவேன்னு அடம். "பாட்ட நிறுத்துடா, அப்பதான் மண்டையில ஏறும்"னு அக்கா. நானும் அக்கா கட்சிதான், தேடிப் படிக்கிற வரைக்கும்.

1996ல அமெரிக்காவில் அபிகாஃப் குழு செஞ்ச ஆய்வுல, ஏடிஹெச்டி பசங்க அமைதியில போட்டதைவிட பாட்டு ஓடுறப்ப கணக்கை நல்லா போட்டாங்க. ஆனா முதல் ரவுண்டே பாட்டோட ஆரம்பிச்சவங்களுக்கு மட்டும்தான் அந்தப் பலன். இந்த வரிய யாரும் ரீல்ஸ்ல சொல்றதில்ல!

2007ல ஸ்வீடன்ல சோடர்லுண்ட் குழு பாட்டுக்குப் பதிலா வெறும் இரைச்சலைப் போட்டாங்க, ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி. ஏடிஹெச்டி பசங்களுக்கு ஞாபகம் கூடுச்சு, மத்த பசங்களுக்குக் குறைஞ்சுது. அவங்க விளக்கம் இது: ஏடிஹெச்டி மூளையில டோபமைன் கம்மி, அதனால உள்ளே சிக்னல் வீக். வெளிய இருந்து கொஞ்சம் இரைச்சல் சேர்ந்தா அது மேல எழும்புது. ஸ்டொகாஸ்டிக் ரெசொனன்ஸ். சிக்னல்ஸ் பேப்பர்ல அரியர் வெச்ச எனக்கே புரிஞ்சுது.

இதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரைய நிறுத்திடாதீங்க. வாசிக்கிறப்ப பாட்டு வரிகள் குறுக்க வரும், அதையும் பாருங்க.

இப்ப அக்கா வீட்டுல ஒப்பந்தம்: கணக்குக்குப் பாட்டு, தமிழ்ப் பாடத்துக்குக் கடகடன்னு ஓடுற பழைய டேபிள் ஃபேன்.