உப்பு வெளி ஓட்டமும் லொறியின் டர்போவும்

ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே பொனவில் என்னும் உப்பு வெளியொன்று உளது. பண்டைக்காலப் பேரேரி ஒன்று வற்றியதனாற் படிந்த உப்பு, கண்ணுக்கெட்டிய தூரம் வெண்டளமாய்ப் பரந்து கிடக்கின்றது. தென் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தார் 1949ஆம் ஆண்டு தொடங்கி அங்கே வேக வாரம் என்னும் போட்டியை நடத்தி வருகின்றனர். நிலம் ஓட்டத்துக்கு உகந்த நிலையில் இல்லாமையின் 2014, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் அது நடைபெறவில்லை. இப்போட்டியில் வண்டியோடு வண்டி பொருவதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே ஓடிக் கடிகாரத்தோடு பொருவர். பரிசுப் பணமும் இல்லை. நியூசிலாந்தினரான பேர்ட் மன்றோ என்னும் முதியவர், 1920ஆம் ஆண்டில் உற்பத்தியான மோட்டார்ச் சைக்கிள் ஒன்றைத் தம் கொட்டிலிலே தம் கையாலேயே திருத்தித் திருத்தி, 1967இல் மணிக்கு 183 மைலுக்கு மேற்பட்ட சாதனையை நிலைநாட்டியதும் இவ்வுப்பு வெளியிலேயே. ஆதலின், இது செல்வர்க்கு மட்டும் உரிய களம் அன்று.

அவ்வாறாயின், பொருள் குறைந்த ஒருவர் தம் வண்டியின் எஞ்சினுக்கு டர்போ பூட்ட விரும்பின் எதனைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்? இதுவே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். நம் கல்லூரிப் பழைய மாணவருட் பொறியியலாளர் பலர் உளர். அவர்க்கு இது புதிதன்று. ஏனையோர்க்கெனவே எழுதுகின்றோம். தமிழாசிரியர்க்கு எஞ்சினோடு என்ன உறவு என நகைப்பாரும் இருப்பர். தமிழிற் சொல்ல இயலாத பொருள் இல்லை என வகுப்பிலே நாடோறும் கூறும் யாம், ஒருமுறையேனும் அதனைச் செய்து காட்டுதல் முறையன்றோ?

டர்போ என்பது யாது? எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையின் விசையால் ஒரு சுழலி சுழலும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள அமுக்கி, புறக்காற்றை நெருக்கி எஞ்சினுள்ளே செலுத்தும். காற்று மிகின் எரிபொருளையும் மிகுத்து எரிக்கலாம், வலு மிகும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி என்பார் 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றனர்.

வலு எவ்வளவு வேண்டும் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். காற்றின் எதிர்ப்பை வெல்ல வேண்டிய வலு, வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். 150 மைல் வேகத்திலிருந்து 200 மைல் வேகத்துக்கு ஏற விரும்புவோர்க்கு, வேகம் மூன்றிலொரு பங்கே மிகுகின்றது. வலுவோ ஏறக்குறைய 2.4 மடங்கு வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். 2 லீற்றர்ப் பெற்றோல் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 7,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். இரு சுழற்சிக்கு ஒருமுறையே உருளை நிரம்புமாதலின், அது நிமிடத்துக்கு 7,000 லீற்றர்க் காற்றை விழுங்கவல்லது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கே நிரம்பும் எனக் கொள்ளின் 6,300 லீற்றர். பொனவில் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 4,200 அடி உயரத்திலுள்ளது. அங்கே வளியமுக்கம் சதுர அங்குலத்துக்கு 12.6 இறாத்தல் அளவே, கடலோரத்தில் 14.7. வெயிலும் சேர, அங்குள்ள ஒரு கன மீற்றர்க் காற்றின் திணிவு ஏறக்குறைய ஒரு கிலோகிராமே. ஆகவே எஞ்சினுக்குக் கிடைப்பது நிமிடத்துக்கு 6.3 கிலோகிராம். அமுக்கத்தை 2.2 மடங்காக்கி, சூடேறிய காற்றைக் குளிரச் செய்து உள்ளே விடின், அது 13 கிலோகிராம், அஃதாவது 29 இறாத்தல் ஆகும். நிமிடத்துக்கு ஓர் இறாத்தல் காற்று ஏறக்குறைய 10 பரிவலுவைத் தரும் என்பது தொழிலாளர் கைக்கணக்கு. எனவே 290 பரிவலுவை எதிர்பார்க்கலாம்.

இப்பொழுது ஒரு லொறியின் எஞ்சினை நோக்குவோம். 1990களில் டொட்ஜ் ராம் வண்டிகளிற் பூட்டப்பட்ட கமின்ஸ் 5.9 லீற்றர் டீசல் எஞ்சின், நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் 7,375 லீற்றரை விழுங்கும். நம் சிறு எஞ்சின் விழுங்குவதும் ஏறக்குறைய அதுவே! ஒன்று பெரிதாய் மெல்லச் சுழல்வது. மற்றையது சிறிதாய் விரைந்து சுழல்வது. டர்போவோ எஞ்சினின் பருமனை அறியாது. நிமிடத்துக்குச் செல்லும் காற்றை மட்டுமே அறியும். இதனாலேயே அவ்வண்டிகளிலிருந்து கழற்றிய ஹோல்செற் எச்.எக்ஸ். 35 என்னும் டர்போ, சிக்கனக்காரர் கையிற் பெருவழக்காயிற்று.

அஃது உண்மையாகவே பொருந்துமா என்பதை அமுக்கியின் வரைபடங் கொண்டு துணிதல் வேண்டும். புவியியற் படத்திலே குன்றைக் காட்டும் சமவுயரக் கோடுகள்போல, அதிலே திறன் கோடுகள் வளைந்து வளைந்து இருக்கும். நம் காற்றளவும் அமுக்க மடங்கும் சந்திக்கும் புள்ளி, குன்றின் உச்சிக்கு அணித்தாய் விழுதல் நன்று. திறன் நூற்றுக்கு எழுபதாயின், 30 பாகையிற் புகுந்த காற்று ஏறக்குறைய 140 பாகையில் வெளிவரும். அறுபதாயின் 158 பாகை. கடலோரத்தில் வாழ்வோர் செய்யும் பிழையொன்றும் ஈண்டு உளது. மானியில் 15 இறாத்தல் காட்டுவது கடலோரத்தில் இரு மடங்கு அமுக்கமே. உப்பு வெளியிலோ 2.2 மடங்கு. மானி ஒன்றையே காட்டினும், டர்போ அங்கே கூடுதலாக உழைக்கின்றது.

பெரிய டர்போ சுழன்றெழத் தாமதிக்கும் என்பது வீதியில் ஓட்டுவோர் குறை. அது மெய்யே. ஆயின் உப்பு நிலை நன்றாயுள்ள ஆண்டில் நெடும்பாதை ஐந்து மைல் நீளமுடையது. நேரங் கணிக்கும் எல்லையை அடையுமுன் இரண்டு மைல் தூரம் உண்டு. ஆதலின் இக்குறை இங்கே குறையன்று. மாறாக, சிறு டர்போ புகையை அடைத்து எஞ்சினைச் சூடேற்றும். வீதிக்கு ஆகாதது உப்புக்கு ஆகின்றது. விலை மலிவதும் இதனாலேயே.

புதிய போலிப் பொருளைக் காட்டிலும் பழைய மெய்ப்பொருளே மேல் என்பது எம் கருத்து. பழையதை வாங்கும்போது தண்டின் நுனியை விரல்களாற் பற்றி அசைத்துப் பார்த்தல் வேண்டும். பக்கவாட்டிற் சிறிது அசைதல் இயல்பே. எண்ணெய்ப் படலத்துக்கென விட்ட இடம் அது. முன்னும் பின்னும் அசைவது கைக்குத் தெரிதல் ஆகாது. இதழ்கள் கூட்டின் சுவரில் உரசிய தழும்பு காணப்படின் அதனை விட்டொழிக்க.

டர்போவில் மிஞ்சிய பணத்தை எதிற் செலவிடுவது? முதலாவது, மிகு புகையைப் புறவழியே விடும் வேஸ்ட்கேற். லொறிக்கு அமைந்த சிறு வாயில் பெற்றோல் எஞ்சினுக்குப் போதாதாயின், அமுக்கம் தானாகவே ஏறிச் சென்று எஞ்சினை அழிக்கும். அடுத்தது குளிர்ச்சி. காற்றை 140 பாகையிலிருந்து 45 பாகைக்கு இறக்க, நிமிடத்துக்கு 1,250 கிலோயூல் வெப்பத்தை அகற்றல் வேண்டும். ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகுங்கால் 334 கிலோயூலை உட்கொள்ளும். ஆகவே நிமிடத்துக்கு நான்கு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்த பனிக்கட்டி. இரண்டு நிமிட ஓட்டத்துக்கு எட்டு. தண்ணீரும் பனிக்கட்டியும் இட்ட தொட்டி ஒன்றே போதும். காற்றை மறிக்கும் கதிர்வீசியும் வேண்டா. ஜோன் கொப் 1947இல் இதே வெளியில் 394 மைல் வேகத்தில் ஓட்டிய வண்டியிலும் எஞ்சினைக் குளிர்வித்தது பனிக்கட்டித் தொட்டியே.

எண்ணெய் திரும்பும் குழாயைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அது பருத்ததாய், மேடின்றிக் கீழ்நோக்கிச் சாய்ந்து, தொட்டியின் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சென்று சேரல் வேண்டும். அன்றேல் எண்ணெய் தேங்கிச் சுழலிக்குள் ஒழுகும், நீலப்புகை எழும், நல்ல டர்போவைக் கெட்டதென்று கழற்றி எறிவர். ஓட்டம் முடிந்தவுடனே எஞ்சினை நிறுத்துதலும் ஆகாது; செங்கனல்போற் சிவந்த சுழலியின் வெப்பம் அசைவற்று நின்ற எண்ணெயைக் கரியாக்கிவிடும்.

இத்துணை கவனம் எதற்கு எனின், ஒருமுறை விரைந்தோடினாற் சாதனை ஆகாது. மறுநாட் காலை மீண்டும் ஓடி, இரண்டின் சராசரி பழைய சாதனையை மிஞ்சல் வேண்டும். நூறுகள் பல மைல் இழுத்து வந்த வண்டியும், ஓராண்டு உழைப்பும், முதல் ஓட்டத்திலே உருகிய ஒரு முசலத்தால் வீணாவதுண்டு. ஆதலின் மாலையிலே பிளக்குகளைக் கழற்றி, வெண்பீங்கானை உருப்பெருக்கியாற் பார்ப்பர். மிளகுத்தூள் போன்ற நுண்ணிய அலுமினியத் துகள்கள் அதிலே ஒட்டியிருப்பின், முசலம் உருகத் தொடங்கிற்று என அறிந்து, அவ்விரவே அமுக்கத்தைக் குறைத்து எரிபொருளை மிகுத்து வைப்பர்.