காசம்பட்டிக் காடும் காயினின் கேள்வியும்



நத்தம் பக்கம், அழகர்மலைக் காப்புக்காட்டை ஒட்டி, காசம்பட்டி என்றொரு ஊர் இருக்கிறது. அங்குள்ள வீரக்கோவில் காட்டின் பரப்பு 4.97 எக்டேர், நம் கணக்கில் 12 ஏக்கர் சொச்சம். அதற்குள் 48 வகைத் தாவரங்களும் 22 வகைப் பறவைகளும் இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் தமிழக அரசு இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு அடுத்து, மாநிலத்தில் இது இரண்டாவது.

"ஃபாதர், கருப்பு கோவில் காட்டைப் பற்றி நீங்கள் ஏன் பேசுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை. ஆனால் அந்த மரங்கள் இன்றுவரை நிற்பதற்கு வனத்துறையின் வேலி காரணம் அல்ல. கோவில் காட்டில் விறகு ஒடிக்கக்கூடாது, அரிவாளோடு நுழையக்கூடாது என்பது போன்ற ஊர்க்கட்டுகள் நம் சுற்றுவட்டாரத்தில் பல தலைமுறைகளாக உண்டு. எழுதாத சட்டம் அது. காவலும் ஊர்தான்.

நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், மண்டபம் கட்டுவதற்காக இரண்டு புளியமரங்களை வெட்டினோம். பங்குப்பேரவையில் அதைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. வெட்டி முடித்த அன்று ஒரு பாட்டி, "கருப்பு கோவில் மரமா இருந்தா தொட்டிருப்பாங்களா, சாமி?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

காட்டையும் மக்களையும் பிரித்தது பழைய கதை. 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின்கீழ் காடுகள் காப்புக்காடுகளாயின. அதுவரை விறகும் தழையும் மேய்ச்சலும் எடுத்துவந்தவர்கள், அதே இடத்தில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். தனதல்ல என்றான பொருளை யார் காப்பார்? நெருப்புப் பிடித்தால் அணைக்க ஓடுவதற்குக்கூட ஒரு சொந்தம் வேண்டுமல்லவா? நூறாண்டு கழிந்த பிறகுதான் அரசே இதை ஒத்துக்கொண்டது. 1988-இன் தேசிய வனக் கொள்கையும், 1990 ஜூனில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையும் ஊராரோடு சேர்ந்து காட்டைப் பராமரிக்கச் சொல்லின. தமிழ்நாட்டில் 1997-இல் ஜப்பான் கடனுதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. காட்டோர ஊர்களில் கிராம வனக்குழுக்கள் அமைந்தன, கன்றுகள் நட்டார்கள், தடுப்பணைகள் கட்டினார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் பணம் வந்தவரை கூடிய குழு, பணம் நின்றதும் கலைந்துவிடும் ஆபத்து இத்தகைய திட்டங்களில் எப்போதும் உண்டு.

காசம்பட்டியில் நடந்தது வேறு. காப்பது முதலில், அறிவிப்பு பிறகு. 2002-ஆம் ஆண்டு உயிரினப் பல்வகைமைச் சட்டப்படி, உள்ளாட்சியைக் கலந்தே அரசு ஓர் இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க வேண்டும். அங்கே ஊராட்சியே முன்வந்து தீர்மானம் போட்டது. கோவிலும் வழிபாடும் அப்படியே இருக்கின்றன, ஊரார் வெளியேற்றப்படவில்லை.

இதெல்லாம் கிராமத்துக்காரர் விஷயம் என்று டவுனில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம். நம் குழாயில் வரும் ஆத்தூர் காமராசர் அணைத் தண்ணீர், பழனி மலைத்தொடரின் அடிவாரக் காடுகள் பிடித்துவைத்துக் கொடுப்பது. அங்கே மரம் போனால் இங்கே குடம் வரிசையில் நிற்கும்.

இப்போது திருநூலுக்கு வருவோம். தொடக்க நூல் 2:15-இல் கடவுள் மனிதரைத் தோட்டத்தில் வைப்பது இரண்டு வேலைகளுக்காக: அதைப் பண்படுத்த, அதைக் காக்க. காப்பதைக் குறிக்க எபிரேய மூலத்தில் வரும் வினைச்சொல் 'ஷமார்'. இரண்டு அதிகாரம் தள்ளி, ஆபேல் எங்கே என்று கடவுள் கேட்கும்போது, தம்பிக்கு நான் என்ன காவலாளியா என்று காயின் திருப்பிக் கேட்கிறானே, அந்தக் 'காவலாளி' பிறந்ததும் இதே சொல்லிலிருந்துதான். தோட்டத்தைக் காக்கும் வேலையும் சகோதரனைக் காக்கும் வேலையும் விவிலியத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல், பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் சேர்த்தே கேட்கச் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. காட்டைக் காக்கிறோம் என்று விறகு பொறுக்கும் பெண்ணை விரட்டினால் பாதி வேலைதான் செய்கிறோம். அவள் பெயரால் காட்டையே அழித்தாலும் அப்படித்தான்.

மேற்படிச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊராட்சிக்கு மட்டுமல்ல, நம் மாநகராட்சிக்கும் இது பொருந்தும். அக்டோபர் 2 கிராமசபைக்குப் போகும் கிளைக்கிராமத்தார், உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா, அதில் யார் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று கேளுங்கள். பெண்கள் அவசியம் போங்கள். காட்டோரம் தினமும் நடப்பவர்கள் நீங்கள்தான்.

நம் கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர் வேலைக்காக நான்கு வேம்புகளை எடுக்கலாம் என்று ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. வரும் பங்குப்பேரவையில் அதை முதல் பொருளாக வைத்திருக்கிறோம். இந்த முறை ஐந்து நிமிடத்தில் முடிக்கப் போவதில்லை. அன்பியப் பொறுப்பாளர்கள் எல்லாரும் வாருங்கள்.