இரவு டியூட்டிக்கு மறுநாள்

(வெள்ளைக் கோட்டு – 7)

சென்ற வாரம் பயிற்சி மருத்துவர்களின் ஊக்கத்தொகையைப் பார்த்தோம். இந்த வாரம் அவர்களின் தூக்கம்.

பெரிய அரசு மருத்துவமனையில் மகப்பேறு பி.ஜி. படிக்கும் பெண்ணுக்கு விடிந்ததும் ரவுண்ட்ஸ். பகலெல்லாம் ஓ.பி., இரவெல்லாம் லேபர் வார்டு. நள்ளிரவில் ஒரு சிசேரியன் முடித்துக் கையுறையைக் கழற்றும்போதே ரத்தப்போக்கோடு ஒரு ரெஃபரல் கேஸ் வந்து நிற்கும். பொழுது விடிந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. கேஸ் ஷீட்டுகளை எழுதி முடித்து, சீஃப் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லி, மாலைவரை வார்டைப் பார்த்த பிறகுதான் கிளம்பலாம். 36 மணி நேரம் ஓடியிருக்கும். கைக்குழந்தைக்காரி என்றால் இதற்கு நடுவே பால் கட்டி நெஞ்சு கனக்கும். பீய்ச்சி எடுக்கத் தாழ்ப்பாள் உள்ள அறை கிடைக்காமல் கழிப்பறையில் நின்று எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதே நாளில் வார்டுத் தாய்மார்களுக்குத் தாய்ப்பாலின் அருமையை எடுத்துச் சொன்னவரும் அவர்தான். நினைக்கவே மனம் பதறுகிறது.

வேலை நேரத்துக்கு விதி இல்லாமல் இல்லை. பயிற்சி மருத்துவர்கள் ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேலும், பொதுவாக வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலும் வேலை பார்க்கக் கூடாது என்று 1992-லேயே மத்திய அரசு நெறிமுறை வகுத்துவிட்டது. எத்தனை டியூட்டி ரோஸ்டர்கள் அதைப் பார்த்துப் போடப்படுகின்றன?

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் நடந்ததை மறக்க முடியாது. நீண்ட டியூட்டிக்கு இடையே சற்று ஓய்வெடுக்க ஓர் இளம் மருத்துவர் போனது கருத்தரங்கு அறைக்கு. அங்கேதான் கொல்லப்பட்டார். வழக்கைத் தானாக முன்வந்து எடுத்த உச்ச நீதிமன்றம், பாதுகாப்போடு சேர்த்து 36 மணி நேர டியூட்டியைப் பற்றியும் கவலை தெரிவித்தது. எனக்கு இரண்டும் ஒரே பிரச்சினைதான். ஓய்வுக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை.

இப்படி ஓய்வின்றி வேலையில் கருகிப்போகும் நிலையை (‘பர்ன்அவுட்’) உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது, நோய் என்று வகைப்படுத்தவில்லை. சமாளிக்கப்படாமல் நாள்பட்டுப்போன பணியிட நெருக்கடியின் விளைவு என்றது. அப்படியானால் மருந்தும் பணியிடத்தில்தான் இருக்க வேண்டும். தியான வகுப்பு நல்லதுதான். கிடைத்த ஒரே விடுமுறையில் அதற்கு வரச் சொன்னால் அதுவும் இன்னொரு டியூட்டி.

சீனியரானால் பெண் மருத்துவர்களின் நெருக்கடி தீர்ந்துவிடுமா? அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆரம்ப சிகிச்சை தரும் பெண் மருத்துவர்கள் ஒவ்வொரு வருகையிலும் ஆண் மருத்துவர்களைவிட 2.4 நிமிடம் கூடுதலாக நோயாளியோடு செலவிடுவதைக் கண்டது. தலைகளை எண்ணிப் பணம் தரும் முறையில் அந்த அக்கறைக்குக் கூலி கிடையாது. வரும்படியும் குறைகிறது, வீடு திரும்பவும் நேரமாகிறது.

பயிற்சி மருத்துவர்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை: உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள டியூட்டி ரூம், ஒட்டியே கழிப்பறை, பால் எடுத்துவைக்க ஒரு ஃபிரிட்ஜ், இரவு டியூட்டிக்கு மறுநாள் கட்டாய ஓய்வு. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் புது ஸ்கேன் மெஷினைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அந்த அறையைத் திறந்து பார்க்கட்டும். போன மாத ரோஸ்டரையும் கேட்டு வாங்கிப் படிக்கட்டும்.

(தொடரும்)