ஏரிக்கரை ஹோட்டல் சொல்லிக் கொடுத்த தேய்மானக் கணக்கு!

கடந்த கார்த்திகை மாதம் இரண்டு நாள் கொடைக்கானலில் தங்க வேண்டியிருந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இயங்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர்கள், உறுப்பினர்கள் என 38 பேருக்கு நிர்வாகப் பயிற்சி. தங்கும் அறையும் கூட்ட அரங்கும் ஒரே இடத்தில், நமக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வேண்டும் என்று தேடியதில், ஏரியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பழைய ஹோட்டல் கிடைத்தது. ஒரு காலத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் கூட்டம் நடத்திய இடமாம். 150 பேர் உட்காரக்கூடிய அரங்கு, மர வேலைப்பாடு, கணப்பு அடுப்பு எல்லாம் இருந்தன.

உள்ளே நுழைந்ததுமே பெண் இயக்குநர் ஒருவர், "என்னங்க சார், வெங்காயப் பட்டறை நனைஞ்ச மாதிரி வாடை அடிக்குது" என்றார். அவர் சொன்னது சரிதான். தரை விரிப்பில் பூஞ்சை வாடை. ஜன்னல் சட்டம் ஈரத்தில் உப்பிப்போய், திறந்தால் மூட முடியவில்லை. என் அறையில் கீசர் வேலை செய்யவில்லை, வெந்நீர் வாளியில் வந்தது. அரங்கின் கூரையில் பழுப்பு நிறத்தில் நீர்க்கறை. மைக்கைத் தொட்டால் கிறீச்சென்று கத்தியது. ஜன்னலுக்கு வெளியே மட்டும் ஏரி, பனி மூடி அவ்வளவு அழகாக இருந்தது.

'இடத்தைச் சரியாக விசாரிக்காமல் இவர்களை அழைத்து வந்துவிட்டோமே' என்று எனக்குச் சங்கடம். ஆனால், நான் தயாரித்து வைத்திருந்த பாடத்தைவிட அந்தக் கட்டடம்தான் எங்களுக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது.

20 லட்சம் ரூபாய் கேள்வி

அந்தக் குழு ஒரு முக்கியமான முடிவோடு வந்திருந்தது. முருங்கை இலையைக் காயவைத்துப் பொடியாக்கி விற்க, சூரிய உலர்த்திக் கூடமும் அதையொட்டி ஒரு கட்டடமும். மொத்தம் 20 லட்சம் ரூபாய். பாதி, உறுப்பினர்கள் போட்ட பங்குத்தொகையும் சேமிப்பும். மீதி வங்கிக் கடன். இரண்டாம் நாள் மாலைக்குள் தீர்மானம் போட்டுவிட வேண்டும் என்று தலைவர் உறுதியாக இருந்தார். பங்குத்தொகை போட்டவர்களில் பாதிப் பேர் இரண்டு ஏக்கருக்கும் குறைவாக வைத்திருப்பவர்கள். அந்தப் பணம் முடங்கினால் அவர்களுக்கு வேறு வழியில்லை.

முதல் நாள் இரவு, குளிருக்குக் கணப்பு அருகே உட்கார்ந்திருந்தோம். அறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் ஒருவர் விறகு கொண்டுவந்தார். 30 வருஷத்துக்கு மேல் அங்கேயே வேலை பார்ப்பவர். "ஏண்ணே, இவ்வளவு பெரிய கட்டடம் எப்படி இப்படிப் போச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒரே நாள்ல போகலைங்க. கூரையில விழுற தண்ணி இறங்க ஒரு தகரக் குழாய் இருந்துச்சு. அதுல இலை அடைச்சு, துரு ஏறி, ஓட்டை விழுந்துச்சு. அப்போ மாத்தியிருந்தா சில நூறு ரூபாய் வேலை. சீசன் முடியட்டும்னாங்க. தண்ணி சுவத்துல இறங்கிச்சு. சுவத்துல இருந்த ஒயரு போச்சு. ஒயரு போனதுல அந்தப் பக்கத்து ரூமை எல்லாம் பூட்டினாங்க. பூட்டின ரூமு காத்து இல்லாம இன்னும் கெட்டுப்போச்சு. ரூமு குறைஞ்சதும் பெரிய கூட்டம் வர்றது நின்னுச்சு. வருமானம் நின்னதும் ரிப்பேருக்குக் காசு இல்லேன்னுட்டாங்க."

எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். வாய்க்கால் கரையில் நண்டு வளையை அடைக்காமல் விட்டு, கரையே உடைந்ததைப் பார்த்தவர்கள்தானே!

ஏரியும் கரை போட்டதுதான்

மறுநாள் காலையில் ஏரியைச் சுற்றி நடந்தோம். சுற்றுச்சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். "இது இயற்கையா உண்டான ஏரி இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ் என்பவர் 1863-ம் வருஷம் ஓடையை மறித்துக் கரை போட்டு உருவாக்கியது. சுமார் 60 ஏக்கர் பரப்பு. இது நிரம்பி வழியுற தண்ணிதான் நாம மலை ஏறும்போது பார்த்த வெள்ளி நீர்வீழ்ச்சி" என்று சொன்னேன்.

"அப்போ இதுவும் நம்ம ஊர்க் குளம் மாதிரிதானா?" என்று ஆச்சர்யப்பட்டார் ஒரு விவசாயி. பிறகு அவரே, "160 வருஷமா இது நிக்குதுன்னா, யாராவது கரையையும் மதகையும் பார்த்துக்கிட்டே இருந்திருக்கணும். நம்ம ஊர்ல குளம் வெட்டினவங்க பேரு கல்வெட்டுல இருக்கு. தூர் வாரினவங்க பேரு எங்கேயும் இல்லை" என்றார்.

பூட்டிக்கிடக்கும் ரோட்டவேட்டர்

அப்போதுதான் பொருளாளர் மெதுவாக ஆரம்பித்தார். "சார், நம்ம ஆபீஸ் ஷெட்டுல ரோட்டவேட்டர் 14 மாசமா நிக்குது."

அந்த இயந்திரம் மானியத்தில் வாங்கப்பட்டது. விழா வைத்து ஒப்படைத்தபோது நானும் மேடையில் இருந்தேன். உறுப்பினர்களுக்கு வெளியாரைவிட மணிக்கு 100 ரூபாய் குறைவாக வாடகைக்கு விட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். கியர் பாக்ஸ் உடைந்த அன்றுதான், ரிப்பேருக்கு என்று ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை என்பது தெரிந்தது. 'பழுதானால் யார் செலவு செய்வது?' என்ற கேள்வியை ஒப்படைத்த அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எத்தனை இயந்திரம் கொடுத்தோம் என்று கணக்கு எழுதிய நான், அதில் எத்தனை ஓடுகிறது என்று எழுதவில்லை.

காலை உணவு முடிந்ததும், வைத்திருந்த பாடத்தை மூடிவிட்டு, கரும்பலகையில் தேய்மானக் கணக்குப் போட்டோம். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இதுதான்

ரோட்டவேட்டரின் விலை 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 வருஷம் உழைக்கும். கடைசியில் பழைய இரும்பாகவோ, கைமாற்றியோ 16,000 ரூபாய் கிடைக்கும். விலையில் இருந்து இதைக் கழித்தால் 1,04,000. அதை 8-ஆல் வகுத்தால், வருஷத்துக்கு 13,000 ரூபாய். இதுதான் தேய்மானம். வருஷத்துக்கு 260 மணி நேரம் ஓடினால், ஒரு மணி நேரத்துக்கு 50 ரூபாய்.

டீசல், டிரைவர் சம்பளம், பிளேடு, ஆயில் எல்லாம் தனி. இயந்திரம் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் இந்த 50 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறது. குழு கொடுத்த 100 ரூபாய் சலுகையில் பாதி, இயந்திரத்தின் ஆயுளில் இருந்து எடுத்துக் கொடுத்ததுதான்.

இதில் பலரும் செய்யும் தவறு இரண்டு.

முதலாவது, மானியம் போக மீதியை மட்டும் விலையாக எடுத்துக்கொள்வது. 40 சதவிகித மானியம் என்றால் நம் பங்கு 72,000 ரூபாய். அதை வைத்துக் கணக்குப் போட்டால், வருஷத்துக்கு 7,000 ரூபாய் ஒதுக்கினால் போதும் என்று வரும். 8 வருஷம் கழித்துக் கையில் 56,000, பழைய இயந்திரத்துக்கு 16,000, ஆக மொத்தம் 72,000 ரூபாய்தான் இருக்கும். புது இயந்திரத்துக்கு முழு விலை வேண்டும். மானியம் மறுபடியும் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. அதனால், எப்போதும் முழு விலையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது, ஓடும் நேரத்தைக் கூட்டிச் சொல்வது. 260 மணி நேரம் என்று நினைத்தது 130 மணி நேரம்தான் ஓடினால், தேய்மானம் மணிக்கு 100 ரூபாய் ஆகிவிடும். நாங்கள் தங்கிய ஹோட்டலும் அப்படித்தான். கோடை சீசனில் நிறையும் கூட்டத்தை மனதில் வைத்து அரங்கைக் கட்டிவிட்டார்கள். மழைக்காலத்தில் 150 நாற்காலியும் காலி. ஆனால், கூரை வருஷம் முழுக்க நனைகிறது.

கட்டடத்துக்கும் கணக்கு உண்டு. குறைந்தபட்சம் கட்டிய செலவில் வருஷத்துக்கு 1 முதல் 2 சதவிகிதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொல்வேன். 20 லட்சம் ரூபாய் கட்டடம் என்றால் 20,000 முதல் 40,000 ரூபாய்.

பணத்தை எங்கே வைப்பது?

கம்பெனிச் சட்டத்தில் பதிவு செய்த உற்பத்தியாளர் நிறுவனங்கள், ஒவ்வொரு நிதியாண்டும் பொதுக் காப்பு நிதி வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதோடு நின்றுவிடாமல், பழுது நிதி என்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். மாதக் கூட்டத்தில் அந்தக் கணக்கின் இருப்பைப் படித்துக் காட்டுங்கள். பதிவு செய்யாத சிறு குழுவோ, அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கிய மோட்டாரோ, எதுவானாலும் இதே முறைதான்.

பணம் மட்டும் போதாது, கையும் வேலை செய்ய வேண்டும். ரோட்டவேட்டரில் வேலைக்கு இறக்கும் முன் பிளேடு போல்ட்டை இறுக்கி, கியர் ஆயில் அளவைப் பாருங்கள். தெளிப்பானை மருந்து அடித்த அன்றே நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவுங்கள். சொட்டுநீர் வடிகட்டியைக் குறைந்தது வாரம் ஒருமுறை சுத்தம் செய்து, பக்கவாட்டுக் குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து அழுக்கு நீரை வெளியேற்றுங்கள். மழைக்கு முன்பு ஷெட் கூரையின் தண்ணீர்க் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். யார் பொறுப்பு என்று பெயர் எழுதி, ஷெட் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் யாருமே பார்க்க மாட்டார்கள்.

மாலையில் போட்ட தீர்மானம்

கணக்கை முடித்தபோது, 20 லட்சம் ரூபாய் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். தலைவருக்கு முகம் வாடிவிட்டது. அந்தப் பெண் இயக்குநர்தான் எழுந்தார். "உலர்த்தி வேணாம்னு சொல்லலை. நம்மகிட்ட இப்போ எத்தனை பேர்கிட்ட முருங்கை இலை வருஷம் பூராவும் கிடைக்கும்? அந்த அளவுக்குக் கட்டுவோம். மீதியை அப்புறம் பார்க்கலாம்."

கையோடு உறுப்பினர் வாரியாக எழுதிப் பார்த்தார்கள். திட்டமிட்டதில் பாதி அளவுக்குத்தான் இலை வந்தது. கடைசியில் மூன்று தீர்மானங்கள். உலர்த்திக் கூடம் பாதி அளவில், அதிகம் கடன் வாங்காமல். அதற்கு முன், ரோட்டவேட்டரைப் பழுது நீக்குவது. அது மறுபடி ஓடும்போது மணிக்கு 50 ரூபாய் வாடகை கூட்டி, அந்தத் தொகையைப் பழுது நிதியில் போடுவது. உறுப்பினர்களுக்கு அப்போதும் வெளி வாடகையைவிட 50 ரூபாய் மிச்சம்தான்.

கிளம்பும் முன் தலைவர் அந்த ஊழியரைத் தேடிப் போய், "நீங்க சொன்னது எங்களுக்கு 10 லட்சம் ரூபாய் பாடம் அண்ணே" என்றார். அவர் சிரித்துக்கொண்டே, "இதை எங்க முதலாளிகிட்டயும் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

ஊர் திரும்பிய மறு வாரமே நான் செய்த வேலை, என் வட்டாரத்தில் மானியத்தில் கொடுத்த இயந்திரங்களின் பட்டியலை எடுத்து, ஓடுகிறதா, நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கியதுதான். உங்கள் குழுவிலும் ஏதாவது ஓர் இயந்திரம் நின்றுகொண்டிருக்கலாம். அதன் விலை, வாங்கிய வருஷம், வருஷத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற விவரங்களோடு கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். உங்கள் கணக்கையும் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.